மூச்சுத் துளை

மாப்பிள்ளை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காது போகலாமா இருக்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை விட்டபின் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, விசேஷ வீடுகளுக்கு நாற்காலியும் மேசையும் ஏற்றிப்போய் இறக்குகிறார். என் தங்கையைக் கட்டி இருபது வருடம் ஆகிறது. இந்த இருபது வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவராக வாய்விட்டுக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை தங்கையோடு என் தச்சுப் பட்டறைக்கு வந்து நின்றார்.

“மச்சான், எனக்கு ஒரு பெட்டி செஞ்சு தரணும்.”

“அலமாரியா மாப்பிள்ளை?”

“மழையா? வெயில் கொளுத்துதே.”

தங்கை அவருடைய வலது காதருகே போய், “அலமாரியான்னு கேக்கறாரு” என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “இவரோட குடும்பம் நடத்தியே என் தொண்டை போச்சுண்ணே. எனக்கும் சேர்த்து ஒரு மைக்கு செஞ்சு குடுத்துடு” என்றாள்.

“அலமாரி இல்ல மச்சான். வூஃபர் பெட்டி. அடியை அதிர வைக்கிற ஸ்பீக்கருக்கு. வண்டியில சீட்டுக்குப் பின்னால வைக்கிற மாதிரி.”

அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் நாற்காலிகளை இறக்கிவிட்டு, களைப்பில் மேடையோரம் இருந்த பெரிய ஸ்பீக்கரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பாட்டு தொடங்கியதும் அடி ஒவ்வொன்றும் முதுகில் தட்டியிருக்கிறது. எந்த இடத்தில் தாளம் விழுகிறது என்பது காது மங்கி மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

“காதுல கேக்கற காலம் போச்சு. முதுகுல கேட்டாப் போதும்” என்றார். தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ தப்பான ஆசையைச் சொல்லிவிட்டவர் போல இருந்தார்.

“சின்னப் பையன் மாதிரி ஆசைப்படறாரு” என்று தங்கை சிரித்தாள். ஆனால் அவள் கண் என்னைக் கெஞ்சியது.

பெண் கொடுத்த வீடு நாங்கள். இருபது வருடத்தில் மாப்பிள்ளை கேட்ட முதல் பொருள். தலைகீழாக நின்றாவது நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். அந்த முடிவில் பாசம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் ஒரு ஸ்பீக்கர் கடை உண்டு. முன்பக்கம் கல்லாவும் கண்ணாடி அலமாரியும். பின்பக்கம் ஜன்னலோரம் ஒரு நீள மேசை. அந்த மேசை சால்டர் அக்காவுடையது. ஒயரை ஈயத்தால் பற்றவைக்கும் வேலையை, கணவர் இருந்த காலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அவர் போனபிறகு கடையைக் கணவரின் தம்பி நடத்துகிறார். சால்டர் வைக்கும் வேலை முழுவதும் இந்த அம்மாதான். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே கணக்குப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த வூஃபரை அக்கா மேசையில் கவிழ்த்து வைத்து, அதன் முனைகளில் ஒயரைப் பற்றவைத்தார். சூட்டுக்கோல் நுனி பட்ட இடத்தில் ஈயம் ஒரு சொட்டாக உருகி, அப்படியே பளபளவென்று உறைந்தது. அதை ஊதிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. பிறகு என்னிடம் பெட்டியின் அளவு எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார்.

“உள்ள இருபது லிட்டர் காத்து இருக்கணும்ணே. ஊசி முனை அளவுகூட வெளிய போகக் கூடாது. வூஃபர் பின்னால தள்ளும்போது அந்தக் காத்துதான் ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். காத்து போச்சுன்னா அடி செத்துடும்.”

“முப்பது வருஷமா பலகை அறுக்கறேன் அக்கா.”

“அது தெரியும்ணே. பலகை அறுக்கறது வேற, காத்தை அடைக்கறது வேற இல்லையா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று ஒன்று தைத்தது. இந்த ஊரில் பாதி வீடுகளில் என் அலமாரிதான் நிற்கிறது. எனக்கே பாடமா என்று தோன்றியது.

வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இருந்த இடம் மேலே குறுகி, கீழே அகன்றிருந்தது. அங்கே ஜாக்கியும் ஸ்பேனர் பையும் கிடந்தன. அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையை ஓட்டுகிற நிலையில் உட்காரச் சொல்லி, சீட்டு எவ்வளவு பின்னால் சாய்கிறது என்று அடையாளம் போட்டேன். அவர் கால் நீளமானவர். சீட்டை ஒரு விரல்கடை முன்னால் தள்ளினாலும் முழங்கால் இடிக்கும். ஆகவே பெட்டியை ஆப்பு வடிவத்தில் செய்து, வலது மூலையில் ஜாக்கிக்கு ஓர் இடம் விட்டேன். உள் அளவை மூன்று முறை கணக்குப் போட்டேன். இருபது லிட்டர், ஒரு டம்ளர் கூடக் குறையவில்லை.

வேலை தொடங்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பது என் வழக்கம். அன்றும் நின்றேன். ஆனால் மனத்தில் கடவுள் நிற்கவில்லை, அக்காவின் சிரிப்புதான் நின்றது. ஊசி முனை என்றாரே, ஊசி முனைக்கு இடம் விடுகிறேனா பார் என்று சொல்லிக்கொண்டேதான் ரம்பத்தை எடுத்தேன்.

பலகைகளைப் பசை தடவி, திருகு வைத்து இறுக்கினேன். இணைப்புகளில் சிலிக்கானை விரலால் இழுத்துத் தேய்த்தேன். பின்பலகையைக் கடைசியில் வைத்து மூடினேன். அதன் உள் விளிம்புகளுக்கு மட்டும் வூஃபருக்காக வெட்டிய வட்டத்துக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் தடவிப் பூசினேன். பிறகு பெட்டி முழுவதும் கருப்புக் கார்ப்பெட் துணி ஒட்டினேன். மூலைகளில் துணி சுருங்காமல் மடித்திருந்த அழகை என் மனைவிகூட வந்து தொட்டுப் பார்த்தாள்.

“இதை வண்டிக்குள்ள மறைச்சு வைக்கணுமா? கூடத்துல வைக்கலாம் போலிருக்கே” என்றாள்.

மறுநாள் கடையிலேயே வூஃபரைப் பொருத்தி, ஆம்ப்ளிஃபயரை இணைத்துவிட்டு வந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மாப்பிள்ளை சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தங்கை பாட்டைப் போட்டாள். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் காத்திருந்தார். சத்தத்தைக் கூட்டச் சொல்லிச் சைகை காட்டினார். கூட்டினாள். முதுகை இன்னும் நன்றாக அழுத்திச் சாய்ந்தார். பிறகு கண்ணைத் திறந்து, “தட்டுது மச்சான்” என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கேட்டுவிட்டோமே என்ற சங்கடத்தில் எனக்காகச் சொன்ன பொய் அது.

தங்கைக்குக் காது நன்றாகக் கேட்கும். “அண்ணே, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஏதோ மூச்சு விடற மாதிரி கேக்குது” என்றாள்.

“ஸ்பீக்கர்ல கோளாறு” என்றேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

அன்று மதியமே வண்டியைக் கடைத்தெருவுக்கு விட்டோம். கடைக்காரத் தம்பி வந்து கேட்டுப் பார்த்தார். சால்டர் அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வண்டிக்குள் தலையை நீட்டினார். “பெட்டியில காத்து எங்கயாவது…” என்று தொடங்கினார்.

நான் முடிக்க விடவில்லை.

“பெட்டியைப் பத்திப் பேசாதீங்க அக்கா. நீங்க சொன்ன மாதிரி ஊசி முனைக்குக்கூட இடம் விடல. சால்டர் வைக்கும்போது சூட்டுக்கோலை அதிக நேரம் காட்டியிருப்பீங்க. உள்ள காயில் கம்பி வெந்திருக்கும். வயசாயிடுச்சுன்னா கண்ணு கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும்.”

எனக்கு சால்டரைப் பற்றி என்ன தெரியும்? காயில் வேகும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கேட்ட சொல். அதை அந்த நேரத்தில் எடுத்து வீசினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வண்டிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். தன் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தம்பிதான் சமாதானம் செய்தார். “அண்ணன் வேலையில குறை இருக்காது. ஊருக்கே தெரியும். வேற பீஸ் வரவழைச்சு மாத்திக் குடுத்துடறேன். ஒரு வாரம் ஆகும்.” வூஃபரைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. என் பெயர் மேல் அவ்வளவு மரியாதை.

மாப்பிள்ளைக்கு அங்கே நடந்த பேச்சு எதுவும் விழவில்லை. “என்ன சொல்றாங்க?” என்று தங்கையைக் கேட்டார். “மாத்தித் தராங்களாம்” என்று கத்தினாள். அவர் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

புதியது வரும்வரை பெட்டி என் பட்டறையில் இருக்கட்டும் என்று இறக்கிவைத்தேன். மறுநாள் தம்பி ஆள் அனுப்பி வூஃபரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். காலையில் அதைக் கழற்றலாம் என்று பெட்டியை மேசை மேல் ஏற்றி மல்லாத்தினேன். பக்கத்தில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்ததால் மரத்தூள் பறந்து பெட்டியெல்லாம் படிந்திருந்தது. திருகைத் தளர்த்த வசதியாகப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, வூஃபரின் முகத்தில் கையை ஊன்றினேன். அது உள்ளே அமுங்கியது. அதே நேரத்தில் பின்பக்கம், கீழ் மூலையில், மரத்தூள் குபுக்கென்று எழும்பியது.

கையை எடுத்தேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி எழும்பியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இடத்தில்.

துணி மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போயிற்று.

என் அலமாரி எதை வாங்கினாலும் பின்பலகையின் கீழ் மூலைகளில் விரல் நுழையும் அளவுக்கு இரண்டு துளை இருக்கும். மூச்சுத் துளை என்பேன். மூடிய அலமாரிக்குள் துணி புழுங்கி வாடை அடிக்காமலிருக்க, காற்று போய்வர வேண்டும். வேறு தச்சர்கள் அந்தத் துளையைப் போடுவதில்லை. நான் போடாமல் விட்டதில்லை. வூஃபர் பெட்டி செய்த அன்று ஒரு வீட்டுக்கான மூன்று செருப்பு அலமாரிகளும் வேலையில் இருந்தன. பின்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, எப்போதும் போல மேலிருந்து கீழ்வரை துளை போட்டிருக்கிறேன். நாலாவது பலகை இதனுடையது. பொருத்தும்போது அந்தத் துளைகளைக் கண் பார்த்திருக்கும். துணி ஒட்டும்போது கை தடவியிருக்கும். முப்பது வருடப் பழக்கத்தில் அவை துளைகளாகவே தெரியவில்லை. அவை இல்லாமல் இருந்திருந்தால்தான் உறுத்தியிருக்கும்.

கொஞ்ச நேரம் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அக்கா விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

அப்போதே கிளம்பிப் போயிருக்கலாம். கடை நடந்தால் பத்து நிமிடம். நான் என்ன செய்தேன் தெரியுமா? துணியை மெல்ல உரித்து, இரண்டு துளைகளிலும் கட்டையைச் செதுக்கி அடைத்து, பசை வைத்து, தேய்த்து, மறுபடி துணியை ஒட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை செய்ததில்லை. துளை இருந்த அடையாளமே தெரியாது.

வூஃபரை எடுக்க ஆள் வந்தபோது ஒரு பேச்சும் பேசாமல் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் பிரார்த்தனையில் கடவுளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். மனம் லேசான மாதிரிகூட இருந்தது. யாருக்கு என்ன கெட்டுவிட்டது, புதியது வரப்போகிறது, மாப்பிள்ளை சந்தோஷப்படப்போகிறார் என்று சமாதானமும் கிடைத்தது. மனிதர்களிடம் சொல்ல வேண்டியதைக் கடவுளிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்று தெரிந்தது. அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் போய்ச் சொல்ல மாட்டார் அல்லவா?

ஒரு வாரத்தில் புது வூஃபர் வந்தது. தம்பி அவரே ஒயரைப் பற்றவைத்துப் பொருத்தினார். கடை வாசலிலேயே மாப்பிள்ளை சீட்டில் சாய்ந்தார். பாட்டு தொடங்கியது. முதல் அடி விழுந்ததும் அவர் தோள் துள்ளியது. இரண்டாவது அடிக்குத் தலை ஆடத் தொடங்கியது. நாலாவது அடிக்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்காமலே ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை.

“என்னடி பாக்கற? ஏறு வண்டியில” என்று தங்கையைப் பார்த்துக் கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினாள்.

நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று கடைக்குள் பார்த்தேன். பின்பக்க மேசை காலியாக இருந்தது. சால்டர் அக்கா முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கு சார்ஜர் ஒயரைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அக்கா, இங்க உக்காந்துட்டீங்க?” என்றேன். கேட்காமல் போயிருக்கலாம்.

“தம்பிதான் சொன்னாரு. கண்ணுக்கு ரெஸ்ட் குடுங்க அண்ணி, முன்னால உக்காந்து வியாபாரத்தைப் பாருங்கன்னு. நல்லதுக்குத்தான் சொல்றாரு.” ஒயர் வாங்கியவருக்கு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். “எனக்கே பயமா போச்சுண்ணே. சூட்டுக்கோலைக் கையில எடுத்தா நேரம் தெரிய மாட்டேங்குது. வெச்சது போதுமா, அதிகமான்னு சந்தேகமா இருக்கு. இதுவரைக்கும் வேலை செஞ்சதெல்லாம் யார் வீட்டுல எது வெந்து போச்சோன்னு படுத்தாலும் அதே நினைப்பு.”

நான் கண்ணாடி அலமாரியில் இருந்த ஏதோ ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்க பேருக்கும் என்னால கெட்ட பேரு வந்திருக்கும். மாப்பிள்ளை முன்னால வேற. மனசுல வெச்சுக்காதீங்கண்ணே” என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் “அதெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா” என்றேன். பெரிய மனது பண்ணி மன்னித்தவன் போல என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. நினைத்தால் இன்றும் நாக்கு கூசுகிறது.

வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, “அந்தம்மாவுக்கு அந்த மேசைதானே எல்லாம்” என்றாள். அவ்வளவுதான்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். மேலுக்குச் சரியில்லை, வேலை இருக்கிறது, கடையில் கூட்டம் இருக்கும். பிரார்த்தனையில் கண்ணை மூடினால் வார்த்தையே வரவில்லை. சொன்னதையே எத்தனை தடவை சொல்வது? நாலாவது நாள் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அக்காவைத் தனியாகப் பார்த்து, மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். தெருமுனையில் மாப்பிள்ளையின் வண்டி வந்து நின்றது. வண்டியே அதிர்ந்துகொண்டிருந்தது.

“எங்க மச்சான்? ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்.”

வேண்டாம் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் என் முதுகில் அந்தப் பெட்டி தட்டிக்கொண்டே வந்தது.

ஸ்பீக்கர் கடை என்றதும் அவரும் கூடவே இறங்கினார். அக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். தம்பி ஏணி மேல் நின்று எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா கல்லாவில்.

நான் கல்லாவின் மேல் குனிந்தேன். “அக்கா, தப்பு என்னோடது. பெட்டியில ஓட்டை இருந்துச்சு. உங்க வேலையில ஒண்ணுமில்ல” என்றேன். தரையைப் பார்த்துச் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர் பேசுவதற்குள் மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார்.

“என்ன மச்சான் சொன்னீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“என்ன?”

“ஒண்ணுமில்ல மாப்பிள்ளை.”

“ஏதோ சொன்னீங்க. அக்கா முகம் மாறிடுச்சே. எனக்குத்தான் காது கேக்காதுன்னு எல்லாரும் என்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிடறீங்க. வீட்டுலயும் அப்படித்தான். சத்தமா சொல்லுங்க.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். காது கேட்காதவரிடம் எத்தனை பேர் எத்தனை தடவை ஒண்ணுமில்ல என்று சொல்லியிருப்போம். அவருடைய பொருளைப் பற்றிய பேச்சு, அவர் முன்னாலேயே நடந்து, அவருக்கு மட்டும் தெரியாமல் போயிருந்தது.

வலது காதருகே போனேன். “பெட்டியில ஓட்டை இருந்துச்சு” என்றேன்.

“பட்டியில ஒட்டகமா?”

யாரோ சிரித்தார்கள். மூச்சை இழுத்தேன்.

“பெட்டியில ஓட்டை இருந்துச்சு மாப்பிள்ளை. நான்தான் போட்டேன். அலமாரிக்குப் போடற மாதிரி மறந்து போட்டுட்டேன். ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்துச்சு. அக்கா வெச்ச சால்டர் நல்லாத்தான் இருந்துச்சு. நான் அக்கா மேல பழியைப் போட்டேன். அப்புறம் தெரிஞ்சும் ஓட்டையை அடைச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்.”

முழுத் தொண்டையில் கத்தினேன். ஒரு சொல் விழாமல் போனால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்ற பயம். கடைக்குள் சத்தம் நின்றது. எதிர்க் கடையில் பழம் எடைபோட்டவர் தராசைப் பிடித்தபடி திரும்பினார். தம்பி ஏணியிலேயே நின்றார்.

மாப்பிள்ளை முழுதும் கேட்டார். பிறகு அவருக்கே உரிய பெரிய குரலில், “இதைச் சொல்லவா மச்சான் இத்தனை நாளு?” என்றார். அவருக்கு என் மேல் கோபமில்லை என்பதால் எனக்கு இன்னும் அதிகமாகக் கூசியது. அவர் அக்கா பக்கம் திரும்பிக் கைகூப்பி, “எங்க வீட்டு ஆள் பேசினதுக்கு நானும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்மா” என்றார். பெண் எடுத்த வீட்டு மனிதர், பெண் கொடுத்தவனுக்காகத் நடுக்கடையில் நின்று தலை குனிந்தார்.

தம்பி ஏணியிலிருந்து இறங்கினார். “நான் சோதிச்சாவது பாத்திருக்கணும் அண்ணி” என்றார். அவர் முகம் கறுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. எடுத்த பொருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா அழுவாரோ திட்டுவாரோ என்று நின்றேன். எது செய்தாலும் தகும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை பெரிய ஓட்டைண்ணே?”

ஆள்காட்டி விரலைக் காட்டினேன். “ரெண்டு.”

அக்கா தலையை ஆட்டினார். “அன்னிக்குக் கேட்ட சத்தம் அதான். எனக்கு அன்னிக்கே காத்துன்னுதான் தோணுச்சு. நீங்க அவ்வளவு அடிச்சுச் சொன்னதும் என் காதையே நான் நம்பல.” விரலை மடக்கி எண்ணினார். “பதினோரு நாளு.”

“தெரியும் அக்கா.”

“தெரியாதுண்ணே” என்றார் மெல்ல.

அவர் சொன்னது சரி. எனக்குத் தெரியாதுதான்.

அக்கா கல்லா சாவியை எடுத்து கல்லா மேல் வைத்தார். “தம்பி, இதைப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். ஜன்னலைத் திறந்துவிட்டார். சூட்டுக்கோலை மாட்டினார். யாரோ பழுதுக்குக் கொடுத்திருந்த ஒரு பழைய ரேடியோ திறந்து கிடந்தது. அதைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டார்.

நான் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது இன்னும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சூட்டுக்கோல் சூடானது. அவர் அதை எடுத்தார். நுனி ஒயருக்குப் பக்கத்தில் போய் நின்றது. உடனே தொடவில்லை.

“வெளிச்சத்தை மறைக்கறீங்கண்ணே” என்றார் நிமிராமல்.

நகர்ந்தேன்.

“இந்தப் பக்கம் வந்து இந்த ஒயர் நுனியைப் பிடிங்க. கை ஆடக் கூடாது. ஆடினா ஒட்டாது.”

இரண்டு விரலால் பிடித்தேன். நடுங்கியது. மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொள்ளச் சொன்னார். ஊன்றினேன். நடுக்கம் நிற்கும்வரை அவர் சூட்டுக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு தொட்டார். ஈயம் ஒரு சொட்டாக உருகிப் பரவியது. என் விரலில் சூடு ஏறியது, விடவில்லை.

“போதும், விடுங்க” என்றார் அக்கா. அடுத்த ஒயரைத் தேடத் தொடங்கினார்.